ஒரு ஆளுக்கு ஒரு நம்பர்

“ஒரு ஆளுக்கு ஒரு வரி நம்பர்தான் அக்கா. எத்தனை கடை திறந்தாலும் அதுதான். மீனுக்கு ஒண்டு, கருவாட்டுக்கு ஒண்டெண்டு தரேலாது.”

மட்டக்களப்பு வரிக் கந்தோரில் கணினிக்கு முன்னால் இருந்த அலுவலர் சிறில் இப்படிச் சொன்னதும் பாலசுந்தரி தலையாட்டினாள். வாகரையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவள். சண்டை ஓய்ந்து பாதை திறந்தபிறகு அவள் கருவாட்டுக்கு நல்ல கிராக்கி. பாசிக்குடாப் பக்கம் புதிதாக வந்த ஹோட்டல்காரனோ, வரி நம்பர் இருந்தால்தான் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

“கடை ஆர்ர பேரில?”

“அவர்ர பேரிலதான். என்ர புருசன், நல்லரத்தினம்.”

“உங்கட பேருக்கு மாத்தினா வேலை லேசு. அலைச்சல் மிச்சம்.”

“இல்ல சேர், அவர்ர பேரில பாருங்க.”

சிறில் சிரித்துவிட்டான். “பாடு படுறது நீங்க, பேர் மனிசனுக்கா? ஆள் எங்க?”

“தொழிலுக்குப் போயிட்டார்.” பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“அவர் முந்தி எங்கயும் நம்பர் எடுத்திருந்தா சிக்கல். இடம்பெயர்ந்த இடத்தில ஒண்டை எடுத்துப்போட்டு, இஞ்ச வந்து மறுகாவும் கேக்கிறாங்க. அப்பிடியெண்டா புதுசாத் தரேலாது.”

பாலசுந்தரி கதிரையின் நுனிக்கு வந்தாள். “கொழும்பில, வவுனியாவில எடுத்திருந்தாலும் இதில காட்டுமா?”

“எந்த மூலையில எடுத்திருந்தாலும் காட்டும். ஊர், கடை எல்லாம் வரும். அடையாள அட்டையைத் தாங்க.”

“அட்டை சுனாமியோட போயிட்டு. நம்பர் எனக்குப் பாடம்.”

அவள் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல, அவன் தட்டினான். கணினி யோசித்துக்கொண்டே கிடந்தது. அவள் கைகூப்பினாள். மாமாங்கேஸ்வரரே, இந்த ஒரு தடவை கைவிட்டிராத என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

“கும்பிட்ட சாமி கைவிடல்ல அக்கா.” சிறிலின் முகம் மலர்ந்திருந்தது. “நாடு முழுக்கத் தேடியாச்சு. இவர்ர பேரில எங்கயும் நம்பர் இல்ல. நாளைக்கே ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்க, புதுசாத் தாறன்.”

பாலசுந்தரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை அதற்குள் அடங்கவில்லை.

“என்னக்கா, நல்ல செய்திதானே சொன்னன்?”

“சண்டைக்குப் பயந்து வாகரைய விட்டு ஓடின அண்டைக்குக் காணாமப் போன மனிசன் சேர். எங்கயோ ஒரு ஊரில சின்னக் கடையெண்டாலும் வச்சிருக்கார், உங்களுக்குப் புது நம்பர் தரேலாது எண்டு சொல்லுவீங்க எண்டுதான் வந்தன்.”