பிரட்டில் ஒரு பெயர்

செத்துப்போன அப்பாவுக்கு எப்போதும் சீனி போடாத கறுப்புக் கோப்பிதான். மலர்விழி ஆவி பறக்கும் கிளாஸை முனீஸ்வரர் கோயில் அரசமரத்தடியில், ஊரார் தங்கள் இறந்தவர்களுக்கு வைத்த கிளாஸ்களோடு சேர்த்து வைத்தாள்.

மேரு டவுனைத் தாண்டியிருந்த அந்தக் கம்பத்து ஊரார், ரப்பர் தோட்டம் மூடியபின் கீரையும் வெண்டியும் போட்டுப் பிழைப்பவர்கள். தோட்டத்துப் பிரட்டை, அந்தப் பெயர் கூப்பிடும் வழக்கத்தை மட்டும் அவர்கள் விடவில்லை. அந்நாளில் வேலையாட்களை விடியலில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டதுபோல, திருவிழாக் காலையில் இறந்தவர்களைக் கூப்பிடுவார்கள். உறவில் ஒருவர் “இருக்கேன்” என்று குரல் கொடுக்கவேண்டும். மூன்று முறை கூப்பிட்டும் குரல் வராத பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் அந்த ஆத்மாவுக்கு ஊரில் இடமில்லை.

பிரட்டு முடிந்து வந்து பார்த்தால், எல்லாக் கிளாஸிலும் எறும்பு மிதக்கும். அப்பா அய்யாவுவின் கிளாஸ் மட்டும் காலியாக, கழுவிக் கவிழ்த்தபடி இருக்கும். உயிரோடிருந்தபோதும் அவர் பழக்கம் அதுதான்.

“ஒம்பது வருஷமா சுத்திக்கிட்டு இருக்காருடி உங்கப்பா,” என்றாள் பக்கத்து வீட்டுச் சந்திரகலா. “எனக்குப் புல்லரிக்குது லா.”

“எனக்கு அந்தப் பயம் இல்லக்கா. அங்க பாருங்க.”

புஷ்பவல்லி வந்துகொண்டிருந்தாள். கிள்ளான் பாசாரில் விற்கக் கீரை ஏற்றி அய்யாவு ஓட்டிப்போன லோரி கவிழ்ந்ததில் செத்தவன் அவள் கணவன். மறுநாள் ஆற்றங்கரையில் அய்யாவுவின் செருப்பு மட்டும் கிடைத்தது; ஆற்றோடு போய்விட்டார் என்று ஊர் முடிவு கட்டியது.

அன்றிலிருந்து அவள் மலர்விழியின் முகத்தைப் பார்ப்பதில்லை. போன வருடம் அந்தக் கவிழ்த்த கிளாஸைக் கையில் எடுத்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பேர அடிக்கச் சொல்லத்தான் வராங்க,” என்றாள் மலர்விழி. அதற்குள் புஷ்பவல்லி அவளருகிலேயே வந்து நின்றுவிட்டாள்.

கோயில் தலைவர் திருச்செல்வம் நோட்டைப் பிரித்தார். “பழனியப்பன்!”

“இருக்கேன்,” என்று கணவனுக்காகக் குரல் கொடுத்தாள் புஷ்பவல்லி.

“அய்யாவு!”

மலர்விழி வாய் திறக்குமுன் புஷ்பவல்லி அவள் கையைப் பிடித்தாள். “நீ சொல்லாத.”

“ஆன்டி, உங்க கால்ல விழறேன். என்னைய எவ்வளவு வேணும்னாலும் ஏசுங்க. பேரு மட்டும் இருக்கட்டும் ஆன்டி.”

“அய்யாவு!”

எங்கேயோ ஒரு நாய் நீளமாக ஊளையிட்டது.

“எங்க வீட்டுக்காரரு பேருக்குப் பின்னாலேயே இந்தப் பேரு வரும்போதெல்லாம் வயிறு எரியும்மா,” என்றாள் புஷ்பவல்லி, தாழ்ந்த குரலில். “சாமிகிட்ட அழுது அழுது எனக்கே சலிச்சுப்போச்சு.”

“அய்யாவு!”

மூன்றாம் முறை. திருச்செல்வத்தின் சிவப்புப் பென்சில் தாளைத் தொட்டது. மலர்விழி விம்மினாள்; புஷ்பவல்லி பிடித்த கையை விடவில்லை.

அவள் சாமியைப் பார்க்கவில்லை, நோட்டையும் பார்க்கவில்லை. அரசமரத்துக்குப் பின்னால் பனிமூட்டத்தில் நின்ற செம்பனைகளின் பக்கம் திரும்பினாள்.

“அய்யாவு அண்ணே, செத்தவங்க கிளாஸ் கழுவ மாட்டாங்க. வெளிய வாங்க, கோப்பி ஆறுது.”