மாமியாரின் படகு

"எங்க மாமியாரோட இத்தனை வருஷப் பீத்தலும் இந்த ஒரு கேசட்டுலதான் இருக்கு. வெளியில எடுத்துக் குடுங்க."

மேசைமேல் கேசட்டை வைத்த வேகத்திலேயே அந்த மருமகளை எடைபோட்டுவிட்டார் கடைக்காரர். பழைய டேப்புகளிலிருந்து தகவல்களை மீட்டுத் தருவது அவர் தொழில். ஆட்களை எடைபோடுவது, காசு வாங்காமல் செய்யும் உபதொழில்.

"பாட்டு கேசட்டா?"

"கம்ப்யூட்டர் கேசட். அந்தக் காலத்துல ப்ரோக்ராமை இதுலதான் பதிஞ்சு வைப்பாங்களாம். படகு ஆத்தைக் கடக்கிற மாதிரி ஒரு விளையாட்டு, இவங்களே எழுதினாங்களாம். 'நீ கம்ப்யூட்டர்ல தட்டுறே, நான் கம்ப்யூட்டருக்கே சொல்லிக் குடுத்தவ'ன்னு தினமும் எனக்கு ஒரு குத்து. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு."

"அதுக்கு இப்போ என்ன அவசரம்?"

"ஞாயித்துக்கிழமை நாத்தனாருங்க குடும்பத்தோட வராங்க. எல்லார் முன்னாடியும் டிவியில போட்டுக் காட்டணும்."

வயதான மாமியாரை நடுவீட்டில் நிறுத்தி மானத்தை வாங்க இவ்வளவு மெனக்கெடலா என்று நினைத்தார் கடைக்காரர். சொல்லவில்லை, வாடிக்கையாளர் ஆயிற்றே.

பூஞ்சை பிடித்த நாடாவைத் துடைத்து ஓட்டி, அதன் கீச்சிடும் இரைச்சலைக் கணினிக்குள் வாங்கி, எழுத்துகளாக மாற்றுவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. ஒருவழியாக விளையாட்டு திரையில் வந்தது. படகு கிளம்பியது. நடு ஆற்றில் நின்றது. நின்றது நின்றதுதான்.

மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"டேப்புல பழுதில்லைங்க. எழுதினதுலதான் தப்பு. இது எந்தக் காலத்துலயும் ஓடியிருக்காது."

அவள் முகத்தில் வெற்றிச் சிரிப்பைத் தேடினார். இல்லை.

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லையே."

"சொல்லாதீங்க. தப்பைச் சரி பண்ணிடுங்க. படகு அக்கரைக்குப் போயாகணும்."

"பீத்தல்னு நீங்கதானே..."

"பீத்தல்தான். ஆனா அவங்களைக் கேலி பண்ற உரிமை கூடவே இருந்து குப்பை கொட்டுற எனக்கு மட்டும்தான். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து சிரிச்சுட்டுப் போற அவங்க பொண்ணுங்களுக்குக் கிடையாது."

கடைக்காரர் ப்ரோக்ராமைத் திறந்து, தப்பு எந்த வரியில் என்று தேட ஆரம்பித்தார்.

சனிக்கிழமை மாமியாரே மருமகளோடு வந்தார். திரையில் படகு ஆடி அசைந்து அக்கரையைத் தொட்டது. அவர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா? சொன்னப்போ சிரிச்சியே!"

"போச்சு, இனிமே வீட்டுல உங்களைக் கையில பிடிக்க முடியாது அத்தை" என்றபடி காரை எடுக்க வெளியே போனாள் மருமகள்.

கதவு மூடியதும் மாமியார் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, என் படகு ஒருநாளும் பாதி ஆத்தைத் தாண்டினதில்ல. அவதானே சரி பண்ணச் சொன்னா?"

"இல்லம்மா, டேப்புல இருந்தது..."

"தப்பு பண்ணவளுக்குத் தெரியாதா, எங்கே தப்புன்னு?"

கடைக்காரர் கேசட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"நாளைக்கு எல்லார் முன்னாடியும் உண்மையை ஒத்துக்கிட்டு, இந்தப் பீத்தலை விட்டுத் தொலைக்கலாம்னு இருந்தேன். இப்போ எந்த மூஞ்சியோட சொல்றது? எனக்காக இவ்வளவு பண்ணவ மனசு ஒடிஞ்சுபோயிடாதா?"

வெளியே ஹாரன் அடித்தது. மாமியார் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வேற வழியில்ல தம்பி. அவளுக்காகவாவது, இனி சாகிற வரைக்கும் பீத்திக்கிட்டேதான் இருக்கணும்."