பேசாத கடை

"பை வேணாம்னுதானே சொன்னேன்? அப்புறம் எதுக்குய்யா நெஞ்சுல ஒரு பை, இடுப்புல ஒரு பை?"

தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டு, சட்டையை மேசைமேல் வீசிவிட்டுப் போனார் அந்த வாடிக்கையாளர். நேராக எதிர்க்கடைக்கு. ஒரே வாரத்தில் இது மூன்றாவது ஆள்.

"வேணும்னுதான் சொன்னான் படுபாவி!" தையல்காரர் குதித்தார். "இந்தக் காலத்துல எவன் வாயைத் திறந்து பேசுறான்? எல்லாம் முணுமுணுப்பு. இருபது வருஷமா எடுத்த பேரு ஒரு பையில போச்சே!"

காஜா எடுத்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து அப்பாவையே பார்த்தாள். கலைக் கல்லூரி மாணவி. அவள் படிப்பு அவருக்குத் தீராத தலைவலி. போன பருவம், புள்ளி வைத்த எழுத்து ஒன்றுகூட வராமல் ஒரு கதை எழுதினாள்.

"புள்ளி இல்லாம தமிழா? பொத்தான் இல்லாத சட்டை மாதிரில்ல இருக்கு!" என்றார்.

இந்தப் பருவம் டப்பாவில் இருந்த பொத்தானையெல்லாம் அள்ளிக்கொண்டு போனாள். கேட்டால், கவிதையாம்.

மறுநாள் கடை வாசலில் ஒரு பலகை தொங்கியது.

'முப்பது நாள் இங்கே பேச்சு இல்லை. எழுதிக் காட்டவும். இது ஒரு கலைப் படைப்பு.'

பக்கத்திலேயே நோட்டு, பேனா.

"அடியேய், பொழப்புல மண்ணைப் போடாதடி!"

அவள் நோட்டில் எழுதி நீட்டினாள். 'மார்க் போயிடும்பா.'

பெற்ற மனசு. பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஆனால் பாருங்கள், அப்புறம்தான் கூத்து. வந்தவர்கள் சிரித்தார்கள், ஆசையாக எழுதினார்கள். 'பை வேணாம்.' 'கை கொஞ்சம் தொளதொளன்னு.' ஒரு புருஷன் பெண்டாட்டி காலரைப் பற்றி நாலு பக்கத்துக்குச் சண்டையே போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு சட்டைகூடத் திரும்பி வரவில்லை. எதிர்க்கடைக்குப் போன ஆசாமியே பேனாவைத் தேடி வந்துவிட்டார்.

முப்பதாம் நாள் தையல்காரருக்கு மனசு ஆறவில்லை.

"நானே உங்க டீச்சரைப் பார்த்து, இன்னும் ஒரு மாசம் நீட்டிக்கச் சொல்லிக் கேக்குறேன்."

மகள் பதறிப்போய் மௌனத்தை மறந்து கத்தினாள். "வேணாம்பா!"

"வேணும்ல? அதான் போறேன்!" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கல்லூரியில் டீச்சர் அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஏதோ சொன்னார்.

"என்னம்மா?"

மறுபடியும் சொன்னார்.

"ஃபேன் சத்தத்துல ஒண்ணும் விளங்கலம்மா."

டீச்சர் அண்ணாந்து பார்த்தார். அவரும் பார்த்தார். ஃபேன் ஓடவே இல்லை.

டீச்சர் ஒரு தாளை எடுத்து எழுதி நீட்டினார். 'ஐயா, உங்க பொண்ணு எங்களுக்குச் செஞ்சு குடுத்தது பொத்தான் கவிதை. அதுக்கு மார்க்கும் போட்டாச்சு. பேசாத கடைன்னு நாங்க எதுவும் செய்யச் சொல்லலையே?'

இரண்டு தரம் படித்தார். ஊரில் யாரும் முணுமுணுக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அடிப்பாவி மகளே என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கடையில் மகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவரைக் கண்டதும் அவசரமாக நோட்டில் எழுதினாள். 'டீச்சர் என்னப்பா சொன்னாங்க?'

அவர் பேனாவை வாங்கி, நிதானமாக எழுதினார்.

'இன்னும் ஒரு மாசம் குடுத்திருக்காங்க. அதுக்குள்ள நீ அப்பாவைக் காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணுமாம். இல்லேன்னா மார்க் போயிடுமாம்.'