எட்டுக் கிலோ

"உங்க மருமக மாடிப்படியில ஏறுறதும் இறங்குறதுமா இருக்காளே, எதையாவது தொலைச்சுட்டாளா?" என்று கேட்டாள் கீழ்வீட்டுக்காரி.

"இடுப்பைத் தொலைச்சுட்டா. தேடுறா," என்றாள் மாமியார்.

சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டாளே தவிர, வயிறு எரிந்தது. உள்ளே மகன் கிடக்கிறான். கண்ணெல்லாம் மஞ்சள், வயிறு பானை மாதிரி, கை கால் குச்சி. ஈரல் மொத்தமும் கெட்டுவிட்டது, வேறொருத்தர் ஈரலில் ஒரு துண்டு எடுத்து வைத்தால்தான் பிழைப்பான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "என்னோடத எடுத்துக்கோங்க," என்று மாமியார் அன்றைக்கே போய் நின்றாள். வயது தாண்டிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள்.

"தர்றதுக்கு ஆள் இருக்கும்மா. மூணு மாசம் பொறுத்துக்கோ," என்றான் மகன். யார் என்று கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் மருமகளுக்கு இந்தப் பித்து பிடித்தது. விடிந்தும் விடியாமலும் எடை மிஷின் மேல் ஏறி நிற்பாள். அப்புறம் நாலு மாடிப் படி, பத்துத் தடவை. சோற்றைத் தொடுவதில்லை, இனிப்பு இருக்கும் பக்கமே போவதில்லை. வேளாவேளைக்குக் காய்கறி சூப். தபால் ஆபீசில் நாள் முழுக்க நின்று முத்திரை குத்துகிறவளுக்கு அது எந்த மூலைக்கு?

ஒருநாள் மாமியார் கேட்டே விட்டாள். "புருஷன் இப்படிக் கிடக்கிறப்ப உனக்கு என்னம்மா அழகு வேண்டிக்கிடக்கு?"

மருமகள் ஈரத்துண்டால் அவன் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அழகு எங்க அத்தை. உடம்புன்னு ஒண்ணு இருக்குல்ல, அதையும் கொஞ்சம் பார்த்துக்கணுமே."

"பார்த்துக்கிற லட்சணமா இது? நீயும் படுத்துட்டா இவனை யாரு தூக்கி உட்கார வைக்கிறது, நானா?"

மருமகள் துண்டைப் பிழிந்து காயப் போட்டுவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு மறுபடி படிக்குப் போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் மாமியார் அந்த முடிவுக்கு வந்தாள். "நாளையிலேர்ந்து உன் சூப்பை நான் வைக்கிறேன். நீ ஆபீசுக்குக் கிளம்புற வழியப் பாரு."

மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷத்தில் அவளுக்கென்று யாரும் தனியாக அடுப்பு மூட்டியதில்லை.

பூசணிக்காயை வேகவைத்து மசித்து, ரெண்டு கரண்டி வெண்ணெய். முந்திரியை விழுதாக அரைத்து இன்னொரு கரண்டி. கோபம் பாதி, பாசம் பாதி. எது எவ்வளவு என்று மாமியாருக்கே தெரியாது. மத்தியானத்துக்கு பிளாஸ்கில், ராத்திரிக்குக் கிண்ணத்தில்.

"வெறும் காய்தானே அத்தை, எப்படி இவ்வளவு ருசி?"

"கைப்பக்குவம்," என்பாள், முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல்.

வாரத்துக்கு வாரம், மிஷின் மேல் நிற்கிறவளின் முகம் செத்துக்கொண்டே வந்தது. பத்துத் தடவை இருபதாயிற்று. முழங்கால் வீங்கி, கைப்பிடியை இழுத்து இழுத்து ஏறினாள். எங்கேயாவது மயங்கி விழுந்து வைக்கப் போகிறாள் என்று மாமியார் இன்னும் அரைக் கரண்டி சேர்த்தாள்.

மூன்றாவது மாதக் கடைசியில் மகனுக்கு நினைவு தப்பியது. ஆஸ்பத்திரியில் அவனை ஸ்ட்ரெச்சரில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். பின்னாலேயே மருமகளையும் டாக்டர் கூப்பிட்டார். மாமியார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரொம்ப நேரம் கழித்து மருமகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆபரேஷன் என்னைக்காம்?"

"இல்லையாம் அத்தை. இனிமே அவர் உடம்பு தாங்காதாம். போன மாசமே பண்ணியிருக்கணுமாம்."

"அப்ப, தர்றேன்னு சொன்ன ஆளு? கடைசி வரைக்கும் இழுத்தடிச்ச அந்தப் பாவி எங்க போனான்?"

மருமகள் தரையைப் பார்த்தாள்.

"நான்தான் அத்தை. பிள்ளையை நினைச்சே நீங்க தூங்குறதில்ல, என்னை வேற நினைச்சு பயப்படணுமான்னு சொல்லல. எனக்கு ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்காம். எட்டு கிலோ குறைஞ்சா எடுத்துக்கலாம்னாங்க. நானும் எவ்வளவோ ஏறி இறங்கிப் பார்த்துட்டேன். ஒரு கிலோகூட இறங்கல."

மாமியார் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள்.

மருமகள் அவள் கை ரெண்டையும் எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க அத்தை. நீங்க எனக்காக இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செஞ்சு கொடுத்தும், உங்க பிள்ளையை என்னால காப்பாத்த முடியல."