உதிராத தோல்

தாதி தண்ணீர் விட்டு நனைத்து நனைத்துக் கையில் சுற்றியிருந்த கட்டை அவிழ்த்தாள். கடைசிச் சுற்றோடு கருவாடுபோல் காய்ந்த தோல் துண்டு ஒன்றும் கழன்று தட்டில் விழுந்தது. அதன் நடுவில் மிளகளவில் ஒரு கறுத்த மச்சம்.

தம்பிராசாவுக்கு அடையாளம் சொல்ல ஆள் தேவைப்படவில்லை. பதினாறு நாளைக்கு முன்புவரை அந்த மச்சம் அவனுடைய தொடையில்தான் இருந்தது.

மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்து அவன் மனைவி இன்பமலரின் வலது கை தோளிலிருந்து மணிக்கட்டுவரை வெந்துபோயிருந்தது. உயிர் தப்புவாளா என்று கிடந்தவளின் புண்ணை மூட இரண்டு பேர் தோல் கொடுத்தார்கள். ஒருவன் தம்பிராசா. மற்றவன் கிறிஸ்தோபர்.

கிறிஸ்தோபர் அவளுடைய தாய்மாமன் மகன். அவனுக்குத்தான் அவள் என்று சின்ன வயதிலேயே பேச்சு. இரத்தம் கிட்ட, கட்டிவைக்க ஏலாது என்று மாதா கோயில் சுவாமியார் ஒரே பிடியாய் நின்றபடியால்தான், துறைமுகத்தில் கப்பல் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிற தம்பிராசாவுக்கு அவள் கிடைத்தாள். அதற்கு ஏழு வருடம் ஆகிறது. கிறிஸ்தோபர் வீட்டுக்கு வந்தால் அவனுடைய தேத்தண்ணியில் எத்தனை கரண்டி சீனி விழுகிறது என்று அந்த ஏழு வருடமும் தம்பிராசா எண்ணிக்கொண்டுதான் இருந்தான்.

பெரிய டொக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். "பிறத்தி ஆளின்ர தோலை உடம்பு கண்டுபிடிச்சுத் தள்ளிப்போடும். கிட்டின இரத்தமெண்டால் சிலநேரம் கொஞ்சம் கூட நாள் நிக்கும். இவ கொஞ்சம் தேறட்டும், மிச்சத்தை நான் பார்க்கிறன்."

இப்போது முழங்கைக்குக் கீழே, உள்ளங்கை அகலத்தில், ஒரு துண்டு மட்டும் உதிராமல் இருந்தது. பிறந்த பிள்ளையின் கன்னம்போல் சிவந்து, கையோடு கையாகிவிட்டிருந்தது. தாதி அதை விரலால் அழுத்திப் பார்த்துச் சிரித்தாள்.

"இது இனி எங்கயும் போகாது."

"இது ஆற்ற தோல்?" என்றான் தம்பிராசா.

"டொக்டரைக் கேளுங்கோ அண்ணை." அவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் போர்வையை இழுத்து இடுப்புவரை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தாள். அவனுக்கு அது போதுமாயிருந்தது. கொடுத்தது இரண்டு பேர், தன்னுடையது தட்டில் கிடக்கிறது. மிச்சக் கணக்கைப் போட டொக்டர் எதற்கு?

அன்று பின்னேரமே வீட்டுக்குப் போகலாம் என்று விட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இருந்து பஸ் தரிப்புவரை இன்பமலர் இடது காலைத் தாங்கித் தாங்கித்தான் நடந்தாள். தீ அவள் காலைத் தொட்டதே இல்லை. தன்னோடு வீட்டுக்கு வர இவளுக்குக் கால்கூட எழும்பவில்லையாக்கும் என்று நினைத்தபடி அவன் விறுவிறுவென்று முன்னால் நடந்தான்.

வீட்டுக்குள் வந்ததும் வராததுமாய் அலுமாரிக்கு மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கினான். அவளுடைய சேலைகளை அள்ளி அதற்குள் போட்டான்.

"என்ன செய்யிறியள்?"

"காலமை பஸ்ஸில ஏத்திவிடுறன். உப்புவெளியில தாய்வீட்டில கொம்மாவோட போய் இரு."

"ஏன்?"

"பக்கத்து வீடுதானே கிறிஸ்தோபர். வசதியாயிருக்கும்."

அவள் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இது என்ன கதை?"

"என்ர கதை இல்லை, உன்ர உடம்பு சொன்ன கதை. ஏழு வருசம் பக்கத்தில படுத்தவன்ர தோல் தட்டில. மாமன் மகன்ர தோல் கையில." அவன் பெட்டியை அடித்து மூடினான். "சுவாமியார் ஏலாது எண்டதுக்கு உன்ர உடம்பு ஓம் எண்டு சொல்லிப்போட்டுது."

இந்த மனிசனோடு அழுவதா சிரிப்பதா என்று இன்பமலருக்குத் தெரியவில்லை.

"கிறிஸ்தோபர் மச்சான்ர தோல் எட்டாம் நாளே கழண்டு போட்டுது. உங்கடதான் பதினாறு நாள் நிண்டது."

"பொய். அப்ப கையில இருக்கிறது ஆற்ற?"

அவள் நிலத்தைப் பார்த்தாள்.

"ஆற்ற எண்டு கேக்கிறன்."

"நீங்கள் போன கிழமை கோதுமைக் கப்பலில மூண்டு நாள் நிண்டனீங்கள் எல்லே, அப்ப நடந்தது. உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டு நான்தான் டொக்டரைக் கெஞ்சிக் கேட்டனான். தெரிஞ்சா அவரோடயும் சண்டைக்குப் போவியள் எண்டு பயம்."

தம்பிராசாவுக்குத் தலைக்குள் விறுக்கென்றது. ஒருவன் போய் இன்னொருவனா? அதுவும் கண்ணாடி போட்ட, இங்கிலீஸ் கதைக்கிற, கசங்காத சட்டைக்காரன்!

"டொக்டரோ? அவனுக்கும் உனக்கும் இடையில என்ன மறைப்பு?"

அவள் கதிரையில் மெல்ல உட்கார்ந்தாள். இடது பக்கச் சேலையைத் தொடைவரை உயர்த்தினாள். அங்கே உள்ளங்கை அகலத்தில், ஆஸ்பத்திரி மருந்து மணக்கும் ஒரு வெள்ளைக் கட்டு.

"ஆம்பிளை டொக்டர் எடுத்தவர் எண்டுதான் வெக்கத்தில மறைச்சனான். கையில இருக்கிறது என்ர தோல்."