மாடி வீட்டு மூட்டை

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் கடைத்தெருத் தையல்காரம்மா. போன மழைக்காலத்தில், கரண்ட் போய் மெஷின் நின்றிருந்த ஒரு மத்தியானம்.

அவர் வளர்க்கிற சின்ன நாய்க்குப் பொத்தான் என்று பெயர். உண்ணிக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டது. ஈறெல்லாம் வெளுத்துப் போயிற்று.

"ரத்தம் ஏத்தணும்மா," என்றார் நாய் டாக்டர். "பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வரவழைக்கணும். செலவு ஜாஸ்தி."

தொகையைக் கேட்டதும் தையல்காரம்மாவுக்குத் தலை சுற்றியது.

"ஏன் டாக்டர், இந்தக் காசுக்கு எனக்கே ஒரு ஆபரேஷன் பண்ணிக்கலாம் போலிருக்கே!"

பொத்தானை டாக்டரிடமே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தங்கையிடம் புலம்பினார்.

"வாயில்லா ஜீவனை வச்சு நம்ம வாயை அடைக்கிறாங்கக்கா," என்றாள் தங்கை. "நாய் என்ன எழுந்து வந்து 'எனக்கு ஒண்ணுமில்லை'ன்னா சொல்லப் போகுது?"

ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஓவர்லாக் மெஷினை விற்றாவது பொத்தானைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்து, மறுநாள் டாக்டரிடம் போய்ச் சொன்னார்.

"எதையும் விற்க வேண்டாம்மா. ரத்தம் கிடைச்சிடுச்சு. அதுக்குக் காசு வேண்டாம். மருந்துக்கு மட்டும் கொடுங்க, போதும்."

சந்தோஷப்பட வேண்டிய இடம். சந்தேகம்தான் வந்தது. நேற்று அவ்வளவு, இன்றைக்கு ஒன்றுமே இல்லையா?

"தூண்டில் போடுறார்க்கா. இன்னைக்கு இலவசம்பார், நாளைக்கு ஸ்கேன்பார். பாரு!"

கடவுள் புண்ணியத்தில் ரத்தம் ஏறியது. பொத்தான் எழுந்து பால் குடித்தது. சந்தேகம் மட்டும் இறங்கவில்லை.

மாடியில் குடியிருந்தவர் ஒரு லாரி டிரைவர். அவருக்கும் தையல்காரம்மாவுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. எல்லாம் அவருடைய நாயால் வந்த சண்டை. மூட்டை என்று பெயர், பெயருக்கேற்ற உருப்படி. அது ஓயாமல் குரைக்கிறது என்று தையல்காரம்மா வீட்டுச் சொந்தக்காரரிடம் புகார் செய்திருந்தார். "இன்னொரு புகார் வந்தா நாய் வெளியே," என்று அவரும் லாரிக்காரரிடம் கறாராகச் சொல்லிவிட்டிருந்தார்.

பொத்தான் வீட்டுக்கு வந்த மறுநாள், அந்த மாடிக்கு டாக்டரே பையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். இறங்கும்போது லாரிக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஜன்னலில் தையல்காரம்மாவைப் பார்த்ததும், டாக்டர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு நடையைக் கட்டினார்.

"புரிஞ்சு போச்சுடி! அந்த ஆள் நாய் உண்ணியைப் பரப்புது, இவர் வைத்தியம் பார்க்கிறார். ரெண்டு பேரும் கூட்டு!"

"அந்த நாய் கழுத்தைப் பார்த்தியாக்கா? ஒரு பக்கம் முடியே இல்லை. சொறி!"

விஷயம் உடனே வீட்டுச் சொந்தக்காரர் காதுக்குப் போயிற்று.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்கம்மா. அவர் வியாதின்னு சொன்னா அன்னைக்கே நாயை வெளியேத்திடறேன்."

பொத்தானை மறுபடி காட்ட வேண்டிய நாள் வந்தது. டாக்டர் அறைக்கதவு எப்போதும் திறந்தே இருக்கும். வெளியே பூனைக் கூடையும் முயல் கூண்டுமாக ஒரே கூட்டம்.

"டாக்டர், எங்க மாடி வீட்டு நாய்க்குச் சொறிதானே?"

"இல்லையே."

"கழுத்துல முடி கொட்டியிருக்கே?"

"அது வளர்ந்துடும்மா." டாக்டர் அவர் முகத்தைப் பார்க்காமல் பொத்தானின் ஈறைப் பார்த்தார்.

"ஏன் மழுப்புறீங்க? எதுக்கு அவர் வீடு தேடிப் போனீங்க? அவருக்கு உங்ககிட்ட எவ்வளவு கமிஷன்?"

வெளியே முயல்காரர் கழுத்தை நீட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"கமிஷனா? அம்மா, விடுங்க."

"விட மாட்டேன். டாக்டரே பதில் சொல்ல முடியாம முழிக்கிறார்னு சொன்னாப் போதும். சாயங்காலத்துக்குள்ள அந்த நாய் தெருவுல நிற்கும்."

டாக்டர் கையுறையைக் கழற்றி வைத்தார்.

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருந்தேன். இனிமே சொல்லாம இருந்தாத்தான் பாவம். அந்த முடியை வழிச்சது நான்தாம்மா. ரத்தம் எடுக்க."

"ரத்தமா? யாருக்கு?"

"பெரிய நாய் வச்சிருக்கிற அத்தனை பேருக்கும் போன் பண்ணினேன். ஆளுக்கொரு சாக்கு. கையோடு கூட்டிக்கிட்டு வந்தவர் இவர் ஒருத்தர்தான். வந்த பிறகுதான் படுத்திருந்தது உங்க பொத்தான்னு பார்த்தார். மூட்டைக்கு ஒண்ணும் ஆகலையேன்னு பார்க்கத்தான் மாடிக்கு வந்தேன்."

"ஏன்... ஏன் சொல்லலை?"

"'என் நாயோட ரத்தம்னு தெரிஞ்சா அந்தம்மா வேண்டாம்னு தூக்கிட்டுப் போயிடுவாங்க டாக்டர். எங்க சண்டைக்கு அந்தக் குட்டி என்ன பண்ணும்?'னார்."

அப்போது பார்த்துப் போன் அடித்தது. வீட்டுச் சொந்தக்காரர்.

"என்னம்மா, டாக்டர் என்ன சொன்னார்? நாயை வெளியேத்திடலாமா?"

"வேண்டாங்க," என்றார் தையல்காரம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அது எங்க சொந்தக்கார நாய். இருக்கட்டும்."

உங்கள் வீட்டில் நல்ல திடகாத்திரமான நாய் இருந்தால், அடுத்த தடவை தடுப்பூசிக்குப் போகும்போது, "ஏதாவது அவசரம்னா எங்களையும் கூப்பிடுங்க" என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.