பிரீடா சின்னம்மாவின் கப்பல்

"சின்னம்மா இந்தமுறையும் கோப்பித்தூள் சரியில்லை எண்டுதான் எழுதியிருக்கிறாவோ?"

துறைமுகக் கிட்டங்கி வேலைக்காரர் அல்பேட் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"கோப்பி மட்டுமே? அம்மா பின்னி அனுப்பின காலுறை நாய்க்குத்தான் அளவாம்," என்றார் லாசர், கடுதாசியை மூக்கோடு ஒட்டிப் பிடித்தபடி.

அல்பேட் தொடையில் தட்டிச் சிரித்தார். "எங்கட மாமியும் இப்பிடித்தான். நாங்கள் அனுப்பின எந்தப் பார்சலையும் நல்லதெண்டு சொன்னதில்லை."

மொன்றியலில் இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த புதிதில், கீழ்வீட்டுத் தபால்பெட்டியில் 'லாசர்' என்ற பெயரைக் கண்டு, மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க வேதக்காரராக்கும் என்று மீன் கட்லட்டோடு போய்க் கதவைத் தட்டியவர் அல்பேட். திறந்தவர் பெர்லினில் பிறந்த யூதக் கிழவர், தொண்ணூறு தாண்டியவர். கட்லட்டைத் திருப்பிக் கொண்டுபோக வெட்கமாயிருந்ததால் நட்பாகிவிட்டது. இருவரும் பேசுவது நொண்டிப் பிரெஞ்சு. அல்பேட்டின் காதில் அது மன்னார்த் தமிழாகவே விழும்.

அன்றிலிருந்து, ஞாயிறு பூசை முடிந்ததும் அல்பேட் வந்து கடிதம் வாசிக்கக் கேட்பது வழக்கம். நாசிகளின் காலத்தில் லாசரின் தாய் சின்னப் பையனான அவரோடு கனடாவுக்குத் தப்பி வந்துவிட்டார். தாயின் தங்கை பிரீடா பெர்லினிலேயே அகப்பட்டுக்கொண்டார். அவர் அக்காவுக்கு எழுதியவற்றை லாசர் வாரம் ஒன்றாக வாசிப்பார். நல்ல கட்டம் வந்ததும் மடித்துவிடுவார்.

"காலுறையை விடுங்கோ, ஐயா. கப்பலுக்கு ரிக்கற் கிடைச்சதோ?"

"கிடைச்சால் உனக்கென்ன?"

"சின்னம்மா கப்பல் ஏறிட்டாவெண்டால், இந்த வருசம் ஹொக்கி பார்க்கேக்க பியர் தொடமாட்டன் எண்டு அந்தோனியாருக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன்."

லாசர் கடுதாசியை இறக்கினார். "அல்பேட், இது எண்பது வருசத்துக்கு முந்தின கதை. போன கப்பல் போனதுதான்."

"அந்தோனியாருக்கு என்ன வருசக்கணக்கு? அவர் பார்த்துச் செய்வார். நீங்கள் வாசியுங்கோ."

கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்தார். பிறகு கடுதாசியை மறுபடி மூக்கோடு சேர்த்தார்.

"அக்கா, ஏறிட்டன். சூப் வெறும் தண்ணி. பக்கத்துக் கட்டில்காரி குறட்டை விடுறாள்..."

அல்பேட் சிலுவை போட்டுக்கொண்டார். "என்ர பியர் போச்சு," என்றார். கண் கலங்கியிருந்தது, பியருக்காக என்றே லாசர் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

"தேத்தண்ணி வைக்கிறன்," என்று எழும்பிய லாசரின் மடியிலிருந்து கடிதக் கட்டு சரிந்தது. அவர் குசினிக்குள் போனதும் அல்பேட் குனிந்து பொறுக்கினார்.

இவ்வளவு நேரமும் வாசித்த கடுதாசி, போன மாத மின்சார பில். உறைகள் எல்லாம் லாசரின் தாய் மொன்றியலிலிருந்து பிரீடாவுக்கு எழுதியவை. ஒவ்வொன்றிலும், கிட்டங்கியில் அல்பேட் தினமும் பார்க்கிற அதே சொல் முத்திரையாக: திரும்பியது. ஒன்றுகூட உடைக்கப்படவில்லை.

அல்பேட் பில்லை இருந்தபடியே மடித்து, கட்டின் மேல் வைத்துவிட்டுக் குசினிப் பக்கம் குரல் கொடுத்தார்:

"ஐயா, சின்னம்மா இஞ்ச வந்து இறங்கேக்க நல்ல பனியாயிருக்கும். என்ர மனிசியின்ர கோட்டு ஒண்டு சும்மா கிடக்கு, அவவுக்கு அளவாயிருக்குமோ எண்டு வாற ஞாயிறு வாசிச்சுச் சொல்லுங்கோ."